பனிக்காலத்தில் என்எச்எஸ்: முன்பணம் கட்டி வந்த மாணவருக்கு என்ன கிடைக்கிறது?

பிரிட்டனுக்கு மாணவர் விசா விண்ணப்பிக்கும்போதே, என்எச்எஸ் என்னும் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு உடல்நலக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். ஓராண்டு முதுகலைக்கு வருபவருக்கு விசாக் காலம் 16, 17 மாதம் வரை நீளும். மிச்ச மாதங்களுக்குப் பாதித் தொகை சேர்ந்து, பெரும்பாலோர் கட்டுவது 1,164 பவுண்டு. விமான டிக்கெட்டைவிட அதிகம். கட்டிய பிறகு அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. நவம்பரில் முதல் காய்ச்சல் வரும்போதுதான் 'நம்மிடம் இருக்கும் இன்சூரன்ஸ் எது?' என்ற கேள்வியே எழுகிறது.

இது இன்சூரன்ஸ் இல்லை. அட்டை, கிளெய்ம், கேஷ்லெஸ் எதுவும் கிடையாது. விசா நடப்பில் இருக்கும்வரை, உள்ளூர்க்காரருக்கு உள்ள அதே உரிமையோடு பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். பல்லுக்கும் கண்ணாடிக்கும், இங்கிலாந்தில் மருந்துச்சீட்டுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் மருந்துச்சீட்டுக்குக் கட்டணம் இல்லை. கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்து நிலவரம், அக்டோபர் முதல் மார்ச் வரைக்கானது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் இந்தச் சேவை நம்பத்தக்கது. சின்ன உபாதைக்கும் போதுமானது. இரண்டுக்கும் நடுவில், சாகவும் மாட்டோம் சரியாகவும் மாட்டோம் என்கிற நிலையில்தான் இழுத்தடிக்கும். பனிக்காலத்தில் எல்லோருக்கும் வருவது அந்த நடுவாந்தர நோய்தான். எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கிடைக்கும் சேவை ஒரே நாட்டின் சேவையா என்று சந்தேகம் வரும், அவ்வளவு வித்தியாசம்.

ஜிபி பதிவு: செப்டம்பரில் முடிய வேண்டிய வேலை

குடும்ப மருத்துவர் இருக்கும் இடத்தை இங்கே 'ஜிபி சர்ஜரி' என்பார்கள். 'நாளைக்கு சர்ஜரி போறேன்' என்று வீட்டில் சொல்லி அம்மாவைக் கலங்கடிக்க வேண்டாம். அது வெறும் கிளினிக்.

பதிவு இலவசம். உங்கள் அஞ்சல் குறியீடு எந்த சர்ஜரியின் எல்லைக்குள் வருகிறது என்று என்எச்எஸ் இணையதளத்தில் பார்த்து, அங்கேயே படிவத்தை நிரப்பலாம். நேரில் போனால் ஜிஎம்எஸ்1 என்ற தாளைத் தருவார்கள். முகவரிச் சான்றோ விசா நகலோ இல்லை என்ற காரணத்துக்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்பது விதி. கவுன்டரில் கேட்டால் கொடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம், அதோடு திரும்பி வந்துவிட வேண்டாம்.

படிவத்தில் தவறு நடப்பது மூன்று இடங்களில். முதலாவது பெயர். இனிஷியல், அப்பா பெயர், குடும்பப் பெயர் குழப்பம் நம்மவர்களுக்குக் கூடப் பிறந்தது. கடவுச்சீட்டில் எந்தப் பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். மாற்றி எழுதினால் பிறகு என்எச்எஸ் ஆப் கடவுச்சீட்டைப் படித்துவிட்டு 'இந்த ஆள் பதிவில் இல்லை' என்று முரண்டு பிடிக்கும். இரண்டாவது, ஏற்கெனவே உள்ள நோய்கள். ஆஸ்துமா, சர்க்கரை, தைராய்டு எதுவானாலும் மறைக்காமல் எழுத வேண்டும். இலவச ஃப்ளூ ஊசிக்கான அழைப்பு அந்த வரியைப் பார்த்துத்தான் வரும். மூன்றாவது, மருந்துப் பெயர். ஊர் பிராண்டு பெயரை எழுதினால் இங்குள்ள டாக்டருக்கு ஒன்றும் புரியாது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மூலப்பெயரையும் அளவையும் எழுதுங்கள்: லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் என்பதுபோல.

விடுதியிலிருந்து ஜனவரியில் பகிர்வு வீட்டுக்கு மாறுபவர்கள் செய்யாமல் விடுவது முகவரி மாற்றம். மருத்துவமனை அழைப்புக் கடிதம் பழைய விடுதிக்குப் போய்க் கிடக்கும். வராதவர் என்று குறித்து, கோப்பைத் திரும்ப ஜிபிக்கே அனுப்பிவிடுவார்கள். வரிசையில் மறுபடி கடைசியில் நிற்க வேண்டும். சர்ஜரிக்குப் புது முகவரியைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

காலை 8 மணியும் இணையப் படிவமும்

காலை 8 மணிக்கு போன் திறந்ததும் ஊரே ஒரே எண்ணை அழைக்கும். ஒன்பதுக்குள் அன்றைய இடங்கள் தீர்ந்துவிடும். இதுதான் நெடுநாள் நடைமுறை. 2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தின் ஜிபி சர்ஜரிகள் வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6:30 வரை இணையப் படிவத்தைத் திறந்து வைக்க வேண்டும். மாணவருக்கு இது போனைவிடப் பல மடங்கு மேல். ஆங்கிலம் தடுமாறினாலும் யோசித்து எழுதலாம், அந்தப் பக்கம் அவசரப்படுத்த ஆள் இல்லை.

ஆனால் படிவத்தைப் படித்துத்தான் யாரை இன்று பார்ப்பது, யாரை அடுத்த வாரம் பார்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். 'காய்ச்சல், இருமல், டாக்டரைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினால் 'ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள்' என்று பதில் வரும். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. எழுத வேண்டியது இப்படி: 'இருமல் தொடங்கி 6 நாள். நேற்றிலிருந்து மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது. காய்ச்சல் நேற்று இரவு 38.6, இன்று காலை 38.9. பாராசிட்டமால் 1 கிராம் ஒரு நாளைக்கு 4 வேளை. ஆஸ்துமா உண்டு, நீல இன்ஹேலர் நேற்று 6 முறை தேவைப்பட்டது.' நாள், எண், எது மோசமாகிறது, என்ன மருந்து, என்ன பழைய நோய் ஆகிய ஐந்தும் இருந்தால் அன்றே போன் வர வாய்ப்பு அதிகம். இதற்காகவே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் அறையில் இருக்க வேண்டும். 'உடம்பு கொதிக்குது' என்பதை மொழிபெயர்க்க முடியாது, 38.9 என்பதற்கு மொழி தேவையில்லை.

வாயால் சொல்ல ஆங்கிலம் போதவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். ஜிபியிலும், உயிராபத்து இல்லாத அவசரத்துக்கான 111 என்ற என்எச்எஸ் தொலைபேசியிலும் இது இலவசம். 'தமில், இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்' என்ற மூன்று சொல் போதும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அறைத்தோழரை வைத்துப் பேசும்போது மாதவிடாய், மனச்சோர்வு மாதிரியான விஷயங்களை விழுங்கிவிடுவோம்.

நம்மவர்கள் சொல்லும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான்: 'போனேன், ஊசி போடலை, பாராசிட்டமால் சாப்பிடச் சொல்லி அனுப்பிட்டாங்க.' வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அதனால்தான் கொடுக்கவில்லை. ஊரில் மூன்று நாள் கோர்ஸ் வாங்கிச் சாப்பிட்டுக் குணமானது பெரும்பாலும் மூன்று நாளில் தானே குணமாகும் சளி. இருமல் மட்டும் மூன்று வாரம்வரை இழுக்கும், அது வழக்கம். மூன்று வாரத்தைத் தாண்டினால் கட்டாயம் ஜிபி. கூடவே எடை குறைவு, இரவில் வியர்வை, சளியில் ரத்தம் என்றால், விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்று தள்ளிப்போட வேண்டாம். காசநோய் பல மாதம் ஒளிந்திருந்து வெளிப்படும். அதற்கான சிகிச்சை இங்கே யாருக்கும் கட்டணமில்லை.

ஜிபி சேவைக்கு எங்கள் மதிப்பெண் 5க்கு 3. இணையப் படிவத்தை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு மூன்றரை.

மருந்துக்கடை: யாரும் மதிக்காத நல்ல கதவு

ஊரில் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து எடுத்துத் தருபவர். இங்கே ஃபார்மசிஸ்ட் சில நோய்களுக்குத் தானே பரிசோதித்து மருந்து தர அதிகாரம் உள்ளவர். 2024 ஜனவரி 31 அன்று தொடங்கிய 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தில் ஏழு நோய்கள் இருக்கின்றன. தொண்டை வலி, சைனஸ், சிறுநீர்த் தொற்று, அக்கி, இம்பெடைகோ என்னும் தோல் தொற்று, பூச்சிக்கடியில் வந்த தொற்று, காது வலி. முன்பதிவு வேண்டாம். கடைக்குள்ளேயே ஒரு சிறு அறை இருக்கும், அங்கே அழைத்துப் பேசுவார்கள். பேசுவதற்குக் கட்டணம் இல்லை. மருந்து கொடுத்தால் மட்டும் வழக்கமான மருந்துச்சீட்டுக் கட்டணம்.

ஏழையும் படித்துவிட்டு ஓடுவதற்கு முன் வயது வரம்பைப் பாருங்கள். காது வலி 1 முதல் 17 வயதுக்காரருக்கு மட்டும். 22 வயதுக்காரர் காதைப் பிடித்துக்கொண்டு போனால் ஜிபிக்குத்தான் அனுப்புவார்கள். சிறுநீர்த் தொற்று 16 முதல் 64 வயதுப் பெண்களுக்கு, கர்ப்பம் இல்லாதிருந்தால். எரிச்சல், இரவில் எழுப்பும் உந்துதல், கலங்கிய சிறுநீர் மூன்றில் இரண்டு இருந்தால் பெரும்பாலும் 3 நாள் மருந்தோடு வெளியே வரலாம். குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குடிப்பது குறைந்து, நூலகத்தில் அடக்கிக்கொண்டு உட்காருவதால் பனிக்காலத்தில் இது நிறையவே வருகிறது. முதுகுப்பக்கம் வலி, நடுக்கத்தோடு காய்ச்சல் சேர்ந்தால் சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அப்போது மருந்துக்கடை வேண்டாம், அன்றே ஜிபி அல்லது 111.

தொண்டை வலிக்கு அவர்கள் போடும் கணக்கு ஐந்து புள்ளி: கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல், டான்சிலில் சீழ், வலி தொடங்கி 3 நாளுக்குள் வந்திருப்பது, டான்சில் கடுமையாக வீங்கிச் சிவந்திருப்பது, இருமலோ மூக்கொழுகலோ இல்லாதிருப்பது. 4 அல்லது 5 வந்தால்தான் ஆன்டிபயாட்டிக் பற்றிப் பேச்சே எழும். மூக்கு ஒழுகிக்கொண்டே இருமிக்கொண்டு போனால் கிடைக்காது. இது தெரிந்தால் ஏமாற்றமும் இல்லை. சைனஸுக்கு 10 நாள் கணக்கு. நாலாம் நாள் தலைக்கனத்தோடு போனால் மூக்கு ஸ்ப்ரேயும் வலி மாத்திரையும்தான்.

ரிசப்ஷனிஸ்ட் 'ஃபார்மசிக்குப் போங்கள்' என்று சொன்னால் கைகழுவிவிட்டதாகக் கோபப்படுகிறார்கள். இந்த நோய்களுக்கு அதுவே வேகமான வழி. மதிப்பெண் 4. ஒன்றைக் குறைத்தது கிறிஸ்துமஸ் வாரத்துக்காக, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

இனிக் காசு. இங்கிலாந்தில் 2024 மே முதல் மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு. சீட்டுக்கு இல்லை, மருந்துக்கு. ஆஸ்துமாக்காரருக்கு ஜனவரியில் நெஞ்சுச்சளி பிடித்தால் நீல இன்ஹேலர், தடுப்பு இன்ஹேலர், ஸ்டீராய்டு மாத்திரை, ஆன்டிபயாட்டிக் என நாலு சேர்ந்து 39.60. மூன்று மாத முன்கட்டணச் சான்றிதழ் 32.05 பவுண்டு. அதை வாங்கிவிட்டால் அந்த மூன்று மாதம் எத்தனை மருந்து வாங்கினாலும் கூடுதல் காசு இல்லை. நாலாவது மருந்திலேயே லாபம்.

அதையும்விட மேலான வழிகள் இருக்கின்றன, பலருக்குத் தெரிவதில்லை. தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவர், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர், வலிப்புக்குத் தொடர் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் உண்டு. ஜிபியிடம் எஃப்பி92ஏ படிவம் கேட்க வேண்டும். கிடைத்தால் தைராய்டு மாத்திரை மட்டுமல்ல, எல்லா மருந்தும் இலவசம். நம் பெண்களில் எத்தனை பேர் தைராக்சின் எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், அவர்களில் பலர் மாதாமாதம் 9.90 கட்டிக்கொண்டிருப்பது வயிற்றெரிச்சல். ஆஸ்துமா அந்தப் பட்டியலில் இல்லை. வருமானமும் சேமிப்பும் குறைவானவர்கள் HC1 படிவம் போட்டு HC2 என்ற கட்டண விலக்குச் சான்றிதழ் கேட்கலாம், வெளிநாட்டு மாணவருக்கும் தடையில்லை. 19 வயது நிரம்பாத முழுநேர மாணவருக்கு எதுவும் வேண்டாம், கட்டணமே கிடையாது.

பெட்டியில் வந்த மருந்துகள்

ஊரிலிருந்து டோலோ 650 கொண்டுவராத பெட்டி இல்லை. இங்கே கடையில் கிடைப்பது 500 மில்லிகிராம் மாத்திரை. சூப்பர்மார்க்கெட்டில் 16 மாத்திரைப் பொட்டலம், ஒரு தடவைக்கு இரண்டுக்குமேல் தர மாட்டார்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் உச்சம். வேளைக்கு வேளை 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 50 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர் ஃபார்மசிஸ்டிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு எங்கே என்றால், எலுமிச்சை வாசத்தோடு வெந்நீரில் கலந்து குடிக்கும் சளிப் பொடிகளில். லெம்சிப் மேக்ஸ் ஒரு பொட்டலத்தில் 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. டோலோ மூன்று வேளை 1,950, சுடச்சுட இருக்கிறதே என்று லெம்சிப் மூன்று வேளை 3,000. கூட்டினால் 4,950. குடித்தவருக்குத் தான் அளவு மீறியதே தெரியாது. கல்லீரல் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே காட்டும். அளவு மீறியது தெரிந்தால் உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே ஏ அண்ட் ஈ எனப்படும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வைட்டமின் டி விஷயத்தில் வேறொரு குழப்பம். அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் எடுப்பது நல்லது என்பது இங்குள்ள அரசு ஆலோசனை. கறுப்பு, மாநிறத் தோல்காரர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதை யோசிக்கலாம். மிக மலிவான மாத்திரை. ஆனால் ஊரிலிருந்து வாரம் ஒன்று என்று கொடுக்கும் 60,000 யூனிட் பொட்டலத்தைக் கொண்டுவந்து, 'பனி நாடாச்சே' என்று பனிக்காலம் முழுக்க எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது குறைபாடு உறுதியானவருக்குச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் சிகிச்சை. தானாக எடுப்பவர் தினம் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டி நீண்ட நாள் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி எலும்பையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் மாதிரியானவை இங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். டாக்டர் கடிதம் இல்லாமல் கொண்டுவர வேண்டாம்.

ஊசிகள்

ஃப்ளூ ஊசி எல்லா மாணவருக்கும் இலவசம் இல்லை. தடுப்பு இன்ஹேலர் எடுக்கும் ஆஸ்துமாக்காரர், சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி போன்றோருக்கு இலவசம். மற்றவர் மருந்துக்கடையில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் வரை ஆகும். அக்டோபரில் போட்டால் பயன், பக்கத்து அறையில் காய்ச்சல் வந்த அன்று போட்டால் காலம் கடந்துவிட்டது.

மூளைக்காய்ச்சலுக்கான மென்ஏசிடபிள்யூஒய் ஊசி வேறு. 25 வயது முடியாத, முன்பு போட்டிராத மாணவருக்கு ஜிபியில் இலவசம், வெளிநாட்டு மாணவர் உட்பட. கேட்டால்தான் போடுவார்கள், பல இடங்களில் அழைத்துச் சொல்வதில்லை. விடுதியில் புது முகங்களோடு நெருங்கி வாழும் முதல் ஆண்டில் ஆபத்து அதிகம், பனிக்காலத்தில் இன்னும் அதிகம். பி வகைக் கிருமியை இந்த ஊசி தடுக்காது, எனவே போட்டவரும் அறிகுறி தெரிந்து வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும்போதே கை கால் சில்லிட்டிருப்பது, கழுத்து வளையாமை, வெளிச்சம் பார்க்க முடியாமை, எழுப்பினாலும் தெளியாத உறக்கம், குழப்பமான பேச்சு. கண்ணாடித் தம்ளரை அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம். கருத்த தோலில் தெரியாமலும் போகும், உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமை உட்புறம் பாருங்கள். புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 999. 'ஃப்ளூதான், தூங்கட்டும்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் இதில் உயிரைக் குடிக்கும் தவறு. காய்ச்சலில் கிடக்கும் அறைத்தோழரை இரவில் இரண்டு மூன்று முறை எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள், திட்டினால் திட்டட்டும்.

நாலு மணிக்கு இருட்டுகிற ஊரில் மனசு

டிசம்பர் 21இல் லண்டனில் சூரியன் 8 மணிக்குமேல் எழுந்து 4 மணிக்கு முன்பே போய்விடும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சென்னையில் அதே நாளில் பதினொன்றுக்கு மேல். அந்த எட்டிலும் வகுப்பறை, நூலகம், பகுதிநேர வேலைக் கிடங்கு என உள்ளேயே இருந்தால் வாரக்கணக்கில் வெயில் முகத்தில் படாது. உறக்கம் கூடும், மாவுச்சத்து மேல் ஆசை கூடும், எழ மனம் வராது. குளிர்காலச் சோர்வு என்று ஒரு நோயே உண்டு, கற்பனை இல்லை.

ஆனால் எல்லாச் சோர்வையும் இருட்டின் தலையில் கட்டக் கூடாது. சைவம் மட்டும் சாப்பிட்டு, இங்கே வந்து தயிரும் பாலும் குறைத்துவிட்டவருக்கு பி12 குறையலாம். இரும்புச்சத்து, தைராய்டும் அதே களைப்பைத் தரும். இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் ஜிபியிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

ஒளிப்பெட்டியை என்எச்எஸ் பொதுவாகத் தருவதில்லை, சொந்தச் செலவில்தான் வாங்க வேண்டும். அட்டையில் 10,000 லக்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எவ்வளவு தூரத்தில் என்பதை அடியில் தேடிப் படியுங்கள். 15 சென்டிமீட்டரில் 10,000 என்றால், மேசையில் அரை மீட்டர் தள்ளி வைத்ததும் அதில் சிறு பங்குதான் கண்ணுக்கு வரும். காலையில் எழுந்த கையோடு 30 நிமிடம், வெளிச்சம் முகத்தில் விழ, நேரே உற்றுப் பார்க்காமல். மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடும். கண் நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வாங்குவதற்கு முன் இலவசமானதை முயன்று பாருங்கள், மதியத்துக்கு முன் அரை மணி நேரம் வெளியே நடப்பது. மேகமூட்டமான பகல்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம்.

பேசித் தீர்க்க வேண்டிய அளவு போனால் இரண்டு வழிகள். பல்கலைக்கழக ஆலோசனை மையம் முதலில் சீக்கிரம் பார்க்கும், ஆனால் அமர்வுகளைப் பெரும்பாலும் எண்ணித்தான் தருவார்கள். என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் சேவைக்கு ஜிபி கடிதம் தேவையில்லை, இணையத்தில் நீங்களே பதியலாம். 75 விழுக்காட்டினர் 6 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. தொடக்கம் வேகமாக நடந்தாலும் இரண்டாவது அமர்வுக்குக் காத்திருப்பது நீளக்கூடும்.

பதியும்போது ஒன்பது கேள்வி கொண்ட தாள் வரும், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. நம்மவர் இதில் தோற்கும் விதமே தனி. 'பரவாயில்லை, சமாளிக்கலாம்' என்கிற வளர்ப்பில் எல்லாவற்றுக்கும் 1 போடுவார்கள். 27க்கு 9 வந்தால் லேசானது என்று சொல்லி இணையப் பாடம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் அப்படியிருந்தால் அது 2. பெருமை பார்க்கிற இடம் இல்லை.

பெற்றோருக்குத் தெரியுமோ, விசாவுக்கு ஆபத்தோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 18 வயது கடந்தவரின் மருத்துவத் தகவல் அனுமதியில்லாமல் வீட்டுக்குப் போகாது. மனநலச் சிகிச்சை எடுத்ததற்காக விசா பறிபோகாது. சொல்லாமல் வகுப்புக்குப் போகாமலிருப்பதுதான் விசாவுக்கு ஆபத்து. எனவே உடம்போ மனமோ சரியில்லை என்றால் துறைக்கு அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சில நாள் நோய்க்கு நீங்களே எழுதித் தரும் படிவத்தைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும். ஜிபி கடிதத்துக்குக் கட்டணம் கேட்கலாம்.

உயிரை விட்டுவிடலாமா என்ற நினைவு வந்தால் எந்த நேரமும் 111 அழைத்து 2 அழுத்தலாம், நேரே மனநலக் குழுவுக்குப் போகும். சமாரிட்டன்ஸ் 116 123, கட்டணமில்லை, 24 மணி நேரமும். உடனடி ஆபத்து என்றால் 999.

அறைச் சுவர்

பகிர்வு வீடுகளில் நோய்க்குப் பாதிக் காரணம் சுவர்தான். ஹீட்டரை மிச்சம் பிடிக்க அணைத்துவிட்டு, ஜன்னலை இறுக மூடி, ரேடியேட்டர் மேல் துணி காயப்போட்டு, மூடி போடாமல் சோறு வடித்தால் லிட்டர் கணக்கில் நீராவி குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். இரண்டு வாரத்தில் கறுப்புப் பூசணம். அறையை 18 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சமைக்கும்போது விசிறியை ஓடவிடுங்கள். ஜன்னல் மேல்விளிம்பில் உள்ள காற்றுத் துவாரத்தை டேப் ஒட்டி அடைக்க வேண்டாம். இதையெல்லாம் செய்தும் பூசணம் வந்தால் குறை வீட்டில் இருக்கிறது. தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதாது. அசையவில்லை என்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு.

கேஸ் பாய்லர் உள்ள வீட்டில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் அது சளி இல்லை, கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வெளியேறி 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

விடுதிச் சமையலறையில் நோரோவைரஸ் புகுந்தால் வரிசையாக எல்லோருக்கும் வாந்தி. சானிடைசர் அதைக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான். நின்ற பிறகும் 48 மணி நேரம் வெளியே போகவோ பிறருக்குச் சமைக்கவோ வேண்டாம்.

கிறிஸ்துமஸ் இடைவெளி

டிசம்பர் கடைசி வாரம் முதல் புத்தாண்டு வரை பல்கலைக்கழக ஆலோசனை மையம் மூடியிருக்கும். ஜிபி விடுமுறை நாட்களில் இல்லை. 25ஆம் தேதி திறந்திருக்கும் மருந்துக்கடை ஊருக்கு ஒன்றிரண்டுதான், பட்டியல் என்எச்எஸ் தளத்தில் வரும். தொடர் மருந்து எடுப்பவர் டிசம்பர் 10க்குள் ஆப்பில் ஆர்டர் போட்டுவிட வேண்டும். இன்ஹேலரைக் குலுக்கிப் பார்த்து 'இன்னும் இருக்கு' என்று நம்ப வேண்டாம். மருந்து தீர்ந்தபின்னும் உந்துவாயு சத்தம் போடும், எண்ணிக்கை காட்டும் மாதிரியானால் எண்ணைப் பாருங்கள். மூச்சுத்திணறலின்போது நீல இன்ஹேலர் அரை நிமிடத்துக்கு ஒன்றாக 10 வரை எடுத்தும் தணியவில்லை என்றால் 999.

நண்பர் வீட்டுக்கு வேறு ஊர் போயிருக்கும்போது நோய் வந்தால், அங்குள்ள ஜிபியில் தற்காலிக நோயாளியாகப் பதியலாம். பழைய பதிவு அப்படியே இருக்கும்.

ஊருக்குப் போய் ஜனவரியில் திரும்புபவருக்குக் காய்ச்சல் வந்தால் இங்கே எல்லோரும் ஃப்ளூ என்றே நினைப்பார்கள், நீங்களும்தான். டெங்குவும் டைஃபாய்டும் மலேரியாவும் அதே உடல்வலியோடுதான் தொடங்கும், மலேரியா வந்திறங்கிப் பல வாரம் கழித்தும் வரலாம். 111 ஆகட்டும், ஜிபி படிவம் ஆகட்டும், எந்த ஊரில் இருந்தீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் கேட்காமலே போகலாம்.